மொரீசியஸ் வரைக்கும்தான் டிக்கெட்

நாளைக்குக் காலையில மெட்ராஸ் பஸ் ஏறப்போற என் பொண்ணுக்கு, செங்கம் ரோட்டு வீட்டு அடுப்பங்கரையில உக்காந்து உன்னைப் பெத்தவ எழுதறது. சௌக்கியமானு கேக்க வேண்டியதில்ல. காலையில இருந்து பக்கத்து ரூம்ல பெட்டியை அடுக்கறதும் கலைக்கறதுமா இருந்த, இப்பதான் ரவிக்கை வாங்கிட்டு வர டெய்லர் கடைக்குப் போன. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு எதுக்கும்மா எழுதறனு கேப்ப. வாயால சொன்னா நமக்குள்ள சண்டையாயிடும் கண்ணு. நான் ஒன்னு சொல்லுவேன், நீ மூக்கை உறிஞ்சுவ, எனக்குக் கோவம் வரும், சொல்ல வந்தது பாதியில நின்னுடும். எழுதினா நீ குறுக்கப் பேச முடியாது. இதை நீ கையில எடுத்துட்டுப் போற பையில, மாத்துப் புடவைக்கு நடுவுல வெச்சு விடறேன், பிளேன்ல போரடிச்சா எடுத்துப் படி.

வர்ற முகூர்த்தத்துல மொரீசியஸ்ல ஒரு முருகன் கோயில்ல தேவா உனக்குத் தாலி கட்டப்போறான். நானும் உங்கப்பாவும் இங்க கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். ரெண்டு பேரும் பிளேன் ஏறிப் போற வசதி நமக்கு இல்ல, அதைச் சொல்லிக்க வெக்கமும் இல்ல. ஆனா பாரு, ஒரே பொண்ணு கழுத்துல தாலி ஏறறதைப் பாக்காத அம்மா இந்தத் தெருவுல நான் ஒருத்திதான். தெருவுல எல்லாரும் கேக்கறாங்க. மாப்பிள்ளை தென் ஆப்பிரிக்கா, பொண்ணு திருவண்ணாமலை, கல்யாணத்தை எதுக்கு நடுக்கடல்ல வெச்சிருக்கீங்கனு. அவங்க ஊருக்கு உன்னை அனுப்பலாம்னா நம்ம கவர்மெண்டு போகக் கூடாதுங்குது. போனாலும் அவங்க கவர்மெண்டு இந்தியாவுல இருந்து வர்ற பொண்டாட்டியை உள்ள விடமாட்டேங்குது. அவன் இங்க வரலாம்னா விசாவை இழு இழுனு இழுக்கறாங்க. இதையெல்லாம் கேக்கறவங்ககிட்ட சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்கே தலை சுத்துது. அதனால ஆளுக்கு ஒரு பதில் சொல்லி வெச்சிருக்கேன். எதிர் வீட்டம்மாகிட்ட மட்டும் முருகன் கோயில் வேண்டுதல்னு சொன்னேன், நீயும் அதையே சொல்லிடு.

இது எங்க ஆரம்பிச்சதுனு யோசிச்சா, நம்ம தெருவுல முதல் டி.வி. வந்த வருஷம் கார்த்திகை தீபத்துல வந்து நிக்குது. ஆசிரமத்துக்குப் பின்னால நம்ம வீட்டு வாடகை ரூம் மூனும் ரொம்பிக் கெடந்துச்சு. ஒரு அம்மாவும் பையனும் தோள்ல பையை மாட்டிக்கிட்டு வாசல்ல வந்து நின்னாங்க. பேன்ட் சட்டையும் ஷூவும் பாத்துட்டு நான் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல "நோ ரூம்"னு கையை விரிச்சேன். அதுக்கு அந்தம்மா, "ஒரு ஓரமாப் படுத்துக்கறோம் தங்கச்சி, மழைக்கு ஒதுங்க எடம் இருந்தாப் போதும்"னு சொன்னாங்க பாரு, நான் அப்படியே நின்னுட்டேன். போளூர் சந்தையில காய் விக்கறவங்க பேசற பேச்சு. அவங்க தாத்தாவோட அப்பா போளூர்ப் பக்கத்து ஆளாம், கரும்பு வெட்டத் தென் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிப் போனவராம். ஊரு பேரு கூட சரியாத் தெரியாது, மலை பேரு மட்டும் தெரியும், அதைப் பாக்கணும்னு வந்திருந்தாங்க. உன் ரூமைக் காலி பண்ணிக் குடுத்தோம், நீ மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு என் பக்கத்துல வந்து படுத்த. அன்னைக்கு அவ்வளவு கோவம் உனக்கு, யாரோ வந்து என் கட்டில்ல படுக்கறாங்கனு.

வந்த வழியைக் கேட்டா அது ஒரு ராமாயணம். அங்க இருந்து நம்ம ஊருக்கு நேரா பிளேனே கெடையாதாம். முதல்ல மொரீசியஸ், அங்க எறங்கி வேற டிக்கெட், வேற பிளேன், பம்பாய், அப்பறம் மெட்ராஸ், அப்பறம் நம்ம பஸ். ஏன் தம்பி இப்படினு கேட்டேன். அங்க கறுப்பனை, நம்மாளுங்களை எல்லாம் வெள்ளைக்காரன் தனித் தெரு, தனி பெஞ்சு, தனி வாசல்னு ஒதுக்கி வெச்சிருக்கான், அதனால உலகத்துல பாதிப் பேரு அவனோட போக்குவரத்து வேணாம்னு நிறுத்திட்டாங்க, அதுல முதல்ல நிறுத்தினது உங்க நாடுதான் ஆன்ட்டினு தேவா சொன்னான். அவனோட நாட்டு பிளேன் சீமைக்குப் போகணும்னா கூட மத்த ஆப்பிரிக்கா நாட்டுங்க தலைக்கு மேல பறக்க விடமாட்டாங்களாம். கடல் மேலயே சுத்திக்கிட்டு, நடுவுல ஒரு தீவுல எறங்கி எண்ணெய் போட்டுக்கிட்டுப் போகணுமாம். எனக்கு நம்ப முடியல. வானத்துல என்ன வேலியா கட்டி வெச்சிருக்கான், மேல போறவனை யாரு புடிக்கறதுனு கேட்டேன். அவன் மலையைக் காட்டினான். "அந்தப் பக்கம் போகணும்னா நீங்க மலை மேல ஏறியா போறீங்க, சுத்தித்தானே போறீங்க? அதே மாதிரிதான்"னான். அப்ப அந்த பிளேனும் கிரிவலம் போகுதுனு சொல்லு, புண்ணியமாவது கெடைக்குதானு கேட்டேன். "புண்ணியம் கம்மி ஆன்ட்டி, பெட்ரோல்தான் ஜாஸ்தி"னான். நீ அடுப்பங்கரையில இருந்து சிரிச்ச. அந்தச் சிரிப்பைக் கேட்டப்பவே எனக்கு உஷார் வந்திருக்கணும்.

அவன் வேலையும் ஏர்போர்ட்டுலதான். பிளேன்ல போறவங்களுக்குச் சாப்பாடு கட்டற கிச்சன்ல வேலை. அமெரிக்காக்காரன் பிளேன், ஐரோப்பாக்காரன் பிளேன்னு வெளிநாட்டு பிளேன் எது வந்தாலும் அவங்க கிச்சன்ல இருந்துதான் தட்டு தட்டா அடுக்கி வண்டியில ஏத்தி அனுப்புவாங்களாம். எனக்குச் சமையல்காரப் பையன்னதும் ஒரு பிரியம் வந்துடுச்சு. தீபத்தன்னைக்கு நம்ம வீட்டுல அத்தனை பேருக்கும் இட்லி அவன்தான் ஊத்தினான், ஒரு இட்லி கூடப் பிசிறில்ல. நீ கூட நின்னு தேங்கா துருவின. இத்தனை வருஷத்துல என் வீட்டுல நீ தேங்கா துருவினது அன்னைக்குத்தான் கண்ணு, நான் ஒன்னும் குருடி இல்ல.

தேவாவோட அம்மா, அந்தக்காவுக்கு ஒரே ஒரு ஆசை. தீபம் எரிஞ்சு முடிஞ்சு கொப்பரையில சேர்ற மை இருக்கு பாரு, அதை நெத்தியில வெச்சுக்கணும். அது மார்கழி ஆருத்ரா தரிசனத்துலதான் நடராசருக்கு வெச்சுட்டு ஜனங்களுக்குக் குடுப்பாங்கனு சொன்னேன். அதுவரைக்கும் அவங்களால இருக்க முடியாது. மொரீசியஸ்ல இருந்து அவங்க ஊருக்குப் போற பிளேன் எப்பவோ ஒன்னுதான், அதை விட்டா நடுவழியில நிக்கணும். கெளம்பறப்ப என் கையைப் புடிச்சுக்கிட்டு, "எனக்குக் கொஞ்சம் மை அனுப்பிடு தங்கச்சி, எங்க கொள்ளுத்தாத்தன் பாத்த மலையோட மை"னு சொல்லிட்டுப் போனாங்க. அதுக்கென்னக்கா, கண்டிப்பா அனுப்பறேன்னு வாக்குக் குடுத்தேன்.

மார்கழியில கூட்டத்துல இடிபட்டு மை வாங்கி, ஒரு விக்ஸ் டப்பாவைக் கழுவிக் காயவெச்சு அதுல போட்டு, துணியில தெச்சு, போஸ்ட் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போனேன். கவுன்ட்டர்ல இருந்தவர் விலாசத்தைப் பாத்தாரு. "இந்த நாட்டுக்குச் சரக்கு எதுவும் போகக் கூடாதும்மா"னாரு. இது சரக்கில்ல சார், சாமி மைனேன். "சாமி மையும் சரக்குதான்"னு சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஒரு வயசான பொம்பளை நெத்தியில வைக்கிற மை போகலன்னா அந்த வெள்ளைக்காரனுக்கு என்ன நஷ்டம்? வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன், யாரைத் திட்டறேன்னு தெரியாம.

உங்கப்பாகிட்ட சொன்னா, அவரு பேப்பரை மடிச்சு வெச்சுட்டு எனக்குப் பாடம் எடுத்தாரு. இந்தத் தடை யாருக்காகப் போட்டது தெரியுமா, அந்தக்கா மாதிரி ஆளுங்களுக்காகத்தான், அவங்களை மனுஷங்களா நடத்தற வரைக்கும் உன்னோட வியாபாரம் வேணாம்னு நம்ம நாடு சொல்லுதுனாரு. கேக்கறப்ப எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு. நம்ம நாடு பரவாயில்லையேனு நெனச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு அலமாரியைத் திறந்தா அந்த விக்ஸ் டப்பா அங்கேயே இருக்கு. அக்காவுக்காகப் போட்ட தடை, அக்காவுக்கு மை போகக் கூடாதுங்குது. அப்ப நான் பெருமைப்படணுமா, அழணுமா? உங்கப்பாவைக் கேட்டேன். அவரு மறுபடி பேப்பரை எடுத்து மூஞ்சியை மறைச்சுக்கிட்டாரு.

அப்பறம் உன் பாஸ்போர்ட் கூத்து. நீயும் அவனும் லெட்டர் போட்டுக்கறீங்கனு எனக்குத் தெரியும், நீ கட்டிக்கிட்டா அவனைத்தான்னு அப்பாகிட்ட சொன்னப்ப நான் கத்தினது, அழுதது எல்லாம் இருக்கட்டும், அதை மறுபடி எழுத எனக்கு இஷ்டமில்ல. கடைசியில அப்பா உனக்குப் பாஸ்போர்ட் எழுதிப் போட்டாரு. வேலூர்ல இருந்து போலீஸ்காரர் வந்து விசாரிச்சுட்டுப் போனாரு, காப்பி குடுத்தோம். புஸ்தகம் வந்த அன்னைக்கு நீ வேலைக்குப் போயிருந்த. நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்தேன், உள்ள தென் ஆப்பிரிக்கானு பேரே அச்சடிச்சிருந்துச்சு! அட, கேக்காமலேயே ஊர் பேரைப் போட்டு அனுப்பிட்டாங்களேனு கோயிலுக்கு ஓடிப்போய்த் தேங்கா ஒடச்சு, எதிர் வீட்டம்மாகிட்டயும் காட்டிட்டு வந்தேன். சாயந்திரம் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் படிச்சாரு. எந்த நாட்டுக்கு வேணா போகலாம், அந்த ஒரு நாட்டைத் தவிரனு போட்டிருக்காம். ஒடச்ச தேங்காயைத் திரும்ப ஒட்டவா முடியும்? எதிர் வீட்டம்மா மூஞ்சியில முழிக்க எனக்கு ஒரு மாசமாச்சு.

அந்த டப்பாவுக்கு வழி சொன்னதும் தேவாதான். மொரீசியஸ் ஏர்போர்ட் கிச்சன்ல அவனுக்கு ஒரு சிநேகிதன் இருக்கான், அவன் விலாசத்துக்கு அனுப்புங்க, அங்க இருந்து பிளேன்ல வேலை பாக்கற யாராவது கையில எடுத்துட்டு வந்துடுவாங்கனு எழுதியிருந்தான். உங்க லெட்டரெல்லாம் அப்படித்தான் போய்ட்டு வந்துச்சுனு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. கிச்சன்காரன் கிச்சன்காரனுக்குக் குடுத்து, சாப்பாட்டு வண்டியோட ஒரு காகிதமும் ஏறி எறங்கி வந்திருக்கு. மொரீசியசுக்குனா போஸ்ட் ஆபீஸ்ல மூச்சு விடாம வாங்கிக்கிட்டாங்க. அப்பாடானு இருந்தேன். டப்பா மொரீசியஸ் போய்ச் சேந்துச்சு. ஆனா அங்க இருந்து நகரல. ஏன்னா அந்தச் சமயத்துலதான் தடை ஜாஸ்தியாச்சு. அமெரிக்காக்காரன் அவங்க பிளேன் என் நாட்டுல எறங்கக் கூடாது, என் பிளேனும் அங்க போகாதுனு சொல்லிட்டானாம். அவனைப் பாத்து இன்னும் சில பேரு. கையில எடுத்துட்டுப் போறேன்னு சொன்ன ஆளை வேற ரூட்டுல மாத்திட்டாங்க. சிநேகிதன் வீட்டுப் பரண் மேல என் விக்ஸ் டப்பா உக்காந்துக்கிச்சு.

பிளேன் வரலன்னா சாப்பாடு யாருக்குக் கட்டறது? தேவா வேலை பாத்த கிச்சன்ல பாதி ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அவனையும் சேத்து. உனக்கு லெட்டர் வந்து நீ வெளுத்துப்போய் நின்னப்ப, நான் உள்ளுக்குள்ள என்ன நெனச்சேன்னு இப்ப சொல்லிடறேன், சாமி தப்பா எடுத்துக்காது. நல்லதாப் போச்சுனு நெனச்சேன். வேலையில்லாதவனுக்கு எப்படிப் பொண்ணு குடுக்கறதுனு ஒரு வார்த்தை கெடைச்சுடுச்சு எனக்கு. கீழ்பென்னாத்தூர்ல மல்லாட்டை வாங்கி எண்ணெய் ஆட்டறவங்களுக்கு விக்கற மண்டி வெச்சிருக்கிற குடும்பம் ஏற்கனவே கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பையனும் தங்கமான பையன், கூப்பிடு தூரத்துல இருக்கலாம், வண்டி ஏறினா சோறு ஆறறதுக்குள்ள வந்து உன்னைப் பாத்துடலாம். பூ வைக்க வரச் சொல்லி ஆள் அனுப்பிட்டேன். அப்பா வேணாம்னு சொன்னாரு. நான் கேக்கல.

அதுக்குள்ள அந்த போன் வந்துச்சு. மெடிக்கல் கடைப் பையன் ஓடிவந்து மொரீசியஸ்ல இருந்து கால்னு சொன்னான். வேலை தேடிக்கிட்டு தேவா அங்க வந்திருந்தான். உனக்கு முன்னால நான் ஓடிப்போய் ரிசீவரைப் புடுங்கினேன், உனக்கு ஞாபகம் இருக்கும். நீ பக்கத்துல நின்னுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்த. அவன் என்ன சொன்னான்னு நீ பல தடவை கேட்ட, நான் பாதிதான் சொன்னேன். முழுசா இப்ப எழுதறேன்.

நான்தான் முதல்ல கத்தினேன். ஏன்டா தம்பி, உங்களுக்கு நல்லது பண்றேன்னு சொல்லிக்கிட்டு உன் வேலையையே தின்னுட்டாங்களே, உனக்குக் கோவம் வரலையானு கேட்டேன். லைன்ல கொரகொரனு சத்தம். அதுக்கு நடுவுல சொன்னான், "வராதீங்கனு கேட்டதே நாங்கதான் ஆன்ட்டி. அவங்க பிளேன் வந்துக்கிட்டே இருந்தா, இங்க எல்லாம் ஒழுங்கா இருக்குனுதானே அர்த்தம்?" கடைசி அமெரிக்கா பிளேனுக்குச் சாப்பாடு கட்டினதும் அவன்தானாம். தட்டெல்லாம் அடுக்கி, வண்டியை ஏத்தி விட்டுட்டு, கிச்சன் ஆளுங்க வெளிய வந்து நின்னு பாத்தாங்களாம். பிளேன் மேல ஏறினதும் கை தட்டினாங்களாம். வேலை போகப்போவுதுனு தெரிஞ்சுதான் தட்டினாங்களாம். அவங்க கூட ஒரு பாத்திரம் கழுவற அம்மா மட்டும் தட்டாம, என் புள்ளைங்களுக்குச் சோறு எவன் போடுவான்னு எல்லாரையும் கெட்ட வார்த்தையில திட்டிட்டுப் போச்சாம். அந்தம்மா சொன்னதும் சரிதான் ஆன்ட்டினு அவனே சொல்றான். கை தட்டினவனும் சரி, திட்டினவளும் சரினா அப்பறம் தப்பு யாருதுனு கேட்டேன். அவன் என்னவோ சொன்னான், லைன் கட்டாயிடுச்சு. உனக்குப் பேசக் கூட வாய்க்கல அன்னைக்கு. நீ என்னை ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்கு இன்னும் குத்துது.

வீட்டுக்கு வந்து யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். தன் சோத்துல தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டு ஒருத்தன் கை தட்டுவானா? பைத்தியக்காரனா, இல்ல நமக்குத்தான் புத்தி எட்டலையா? நான் பாத்த மனுஷங்க எல்லாம் தனக்கு ஆதாயம்னா கை தட்டுவாங்க, நஷ்டம்னா மண்ணை வாரித் தூத்துவாங்க. நானும் அந்த ஜாதிதான். இவன் எந்த ரகம்னு எனக்குப் பிடிபடல. பிடிபடாதவனுக்குப் பொண்ணைக் குடுக்க எனக்குப் பயம்.

கீழ்பென்னாத்தூர்க்காரங்க பூ வைக்க வர்ற அன்னைக்குக் காலையில நீ தலைக்குக் குளிச்சுட்டு, நான் எடுத்து வெச்ச புடவையைக் கட்டிக்கிட்டு என் எதிர்ல வந்து நின்ன. சண்டை போடுவனு நான் வரிஞ்சு கட்டிக்கிட்டு இருந்தேன். நீ மெதுவாத்தான் பேசின.

"நீ உக்காருனு சொன்னா உக்காருறேன்மா. ஒன்னே ஒன்னு சொல்லு. தனக்கு வேலை போகும்னு தெரிஞ்சும் கை தட்டினான் பாரு, அவனை விட நல்லவனை எனக்கு எங்க பாத்து வெச்சிருக்க?"

போன்ல நான் பேசின பாதியை வெச்சே நீ மீதியைப் புரிஞ்சுக்கிட்டிருக்க. கையில கரண்டியோட நின்னேன். கேசரி அடி புடிக்குதுனு அப்பா வந்து அடுப்பை அணைச்சாரு. அப்பறம் அவரே சைக்கிளை எடுத்துக்கிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், வந்து எறங்கினவங்ககிட்ட கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டு அனுப்பிட்டு வந்தாரு. அவங்க பேசின பேச்சை நம்மகிட்ட அவரு சொல்லல. ஒரு வாரம் அவரு சோறு சரியாத் திங்கல, அதுல இருந்து நானா தெரிஞ்சுக்கிட்டேன். அந்த மனுஷனுக்கு அப்பப்ப ஒரு லெட்டர் போடு.

தேவாவுக்கு மொரீசியஸ் ஏர்போர்ட் கிச்சன்லயே வேலை கெடைச்சுது. அவங்க ஊருக்கு வர்றதை நிறுத்தினவங்க சில பேரு இந்தப் பக்கமா வர ஆரம்பிச்சதால அங்க ஆள் தேவைப்பட்டுதாம். இதையும் என்னால முழுங்க முடியல. எந்தத் தடை அவன் வேலையைப் புடுங்குச்சோ அதே தடைதான் இன்னொரு ஊர்ல வேலை குடுக்குது. எந்தத் தடை உன்னை அவன் ஊருக்குப் போக விடலையோ அதே தடைதான் அவனை நீ போகக் கூடிய ஊருக்குக் கொண்டாந்து விட்டிருக்கு. அப்ப நான் அந்தத் தடையைக் கும்பிடணுமா? எதைக் கேட்டாலும் முடிச்சு மேல முடிச்சா விழுது.

மெட்ராஸ்ல டிக்கெட் வாங்கப் போனப்ப நானும் வந்தேனே. ஏசி போட்ட ஆபீஸ்ல அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டு இருந்தப்ப, எப்பவாவது மாமியார் வீட்டுக்குப் போறதுக்கு அதுக்கு மேலயும் சேத்து எழுதிடும்மா, காசு வேணா அப்பறம் குடுக்கறோம்னு கேட்டேன். அந்தப் பொண்ணு சுத்திமுத்திப் பாத்துட்டு, அந்த ஊருக்கு இந்தியாவுல எந்தக் கம்பெனியும் டிக்கெட் எழுதாதும்மா, மொரீசியஸ் வரைக்கும்தான்னு சொல்லிச்சு. என்னவோ நான் கஞ்சா கேட்ட மாதிரி. நீ என் கையைக் கிள்ளின. அந்தக்கா அந்தப் பக்கத்துல இருந்து பிளேன் ஏறி வராங்க, நீ இந்தப் பக்கத்துல இருந்து போற. ரெண்டு பக்கத்துக்காரங்களும் எறங்கலாம்னு இருக்கிற எடம் அது ஒன்னுதான் போல. அக்காவால கல்யாணத்துக்கு வர முடியுது, என்னால முடியல. பொறாமையா இருக்கு கண்ணு, மறைக்க மாட்டேன். அவங்க பேர்ல தப்பே இல்ல, இருந்தும் பொறாமையா இருக்கு.

நீ போனதும் முதல் வேலையா அந்தப் பரண்ல இருந்து டப்பாவை எடு. அக்காவை உக்கார வெச்சு உன் கையால நெத்தியில மை இடு. தங்கச்சி வாக்குத் தவறல, பிளேன்தான் வரலனு சொல்லு. முகூர்த்த நேரத்துல என் எடத்துல அவங்களை நிக்கச் சொல்லு. உன் பின்னால நின்னு ஜடையைத் தூக்கிப் புடிக்கறது நான் செய்ய வேண்டியது, அவங்க புடிக்கட்டும். குத்துவெளக்கை மூனாக் கழட்டிப் பச்சைப் புடவைக்குள்ள சுத்தி வெச்சிருக்கேன், எடை போடறவன் கேட்டா சாமி வெளக்குனு சொல்லு, அதையும் சரக்குனு சொன்னா அழுதுடு. அவனோட சண்டை போட்டா சாப்பிடாம படுக்காத. அது உன்கிட்ட இருக்கிற கெட்ட பழக்கம், என்கிட்ட இருந்து வந்தது. அவனுக்கு அவங்க ஊர் ஞாபகம் வந்து பேசாம உக்காந்திருந்தா, என்ன ஏதுனு தொளைக்காத. ஒரு நாள் எல்லாம் சரியாகும், அன்னைக்கு உன் பாஸ்போர்ட்டுல அந்த வரி இருக்காதுனு உங்கப்பா சொல்றாரு. அவரு சொன்னது நடந்ததும் உண்டு, நடக்காததும் உண்டு. நடந்தா போய்ப் பாரு, அவன் பொறந்த வீட்டை. உனக்கு ஏதாவது புரியலன்னா புரியலனு வாயைத் திறந்து சொல்லு. நான் இத்தனை வருஷம் எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டித்தான் பாதி வம்பை இழுத்துக்கிட்டேன்.

ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன்னு நேத்து உன்கிட்ட சொன்னேன். என் ஒத்தைப் பொண்ணைத் தூக்கிட்டுப் போறதை நின்னு வேற பாக்கணுமானு கத்தினேன். நீயும் சரி வராதனு சொல்லிட்டு உள்ள போய்ட்ட. கண்ணு, நான் வரேன். மீனம்பாக்கத்துல பாக்கறவங்க நிக்கறதுக்கு எடம் இருக்குனு அப்பா சொன்னாரு. அங்க வந்து நிக்கறேன். கீழ்பென்னாத்தூர்ல குடுத்திருந்தா வாரத்துக்கு ஒரு தடவை உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். போனு சொல்றதுல எனக்கு ஒரு ஆதாயமும் இல்ல. எல்லாம் நஷ்டம்தான். போகாதனு ஒரு வார்த்தை சொன்னா நீ நின்னுடுவனும் எனக்குத் தெரியும், அன்னைக்குப் புடவை கட்டிக்கிட்டு வந்து நின்ன மாதிரி. நான் சொல்லப் போறதில்ல.

உன் பிளேன் மேல ஏறினதும் நான் கை தட்டுவேன். பக்கத்துல நிக்கறவங்க பைத்தியம்னு நெனச்சா நெனச்சுக்கட்டும், உங்கப்பா கையைப் புடிச்சு அடக்கினாலும் விடமாட்டேன். எதுக்குத் தட்டறனு கேட்டா சொல்லத் தெரியாது. உள்ள இருந்து உனக்குக் கேக்கவும் கேக்காது. தட்டிக்கிட்டு இருக்கேன்னு தெரிஞ்சுக்கோ.